டீச்சரின் காதுக்குப் பின்னால்

உண்ணியம்மாவின் வலது கைக் கட்டைவிரல் சும்மா இருக்காது. யாரோடு பேசிக்கொண்டிருந்தாலும் அது ஆள்காட்டி விரலின் நுனியில் மெல்ல உருண்டுகொண்டே இருக்கும், கண்ணுக்குத் தெரியாத ஒரு மிளகை நசுங்கிவிடாமல் உருட்டுவதுபோல. பேருந்தில் உட்கார்ந்தால் இருக்கையின் தையலுக்குள் போய்வரும். துணிக்கடையில் சட்டைக் காலரைத் திருப்பி அடிப்பக்கத்தைத் தடவும். கடைக்காரர் நல்ல துணிதான் என்று சத்தியம் செய்வார். அவள் துணியைப் பார்க்கவில்லை என்பது அவருக்கு எப்படித் தெரியும்? வீட்டில் கணவர் செய்தித்தாளை விரித்தால் போதும், பின்னாலிருந்து வந்து அவர் காதுமடலை முன்பக்கம் மடக்கி, அதன் பின்னால் இருக்கும் குழியில் கட்டைவிரலை ஒருமுறை ஓட்டிவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போவாள்.

"நான் என்ன மாடா?" என்பார் அவர், தலையைச் சிலுப்பிக்கொண்டு.

"மாடா இருந்தா அசையாம நிப்பீங்களே."

உண்ணியம்மா என்பது பண்ணைக்காரர்கள் வைத்த பெயர். கால்நடை நோய் ஆய்வகத்தில் களப்பணி அவளுக்கு. ஸ்கூட்டரின் பின்னால் ஒரு குளிர்ப்பெட்டி, இருக்கைக்கு அடியில் இடுக்கி, ஊசி, கண்ணாடித் துண்டுகள், ஸ்பிரிட் ஊற்றிய சிறு குப்பிகள். பண்ணை பண்ணையாகப் போய் ஒவ்வொரு மாட்டின் ஒரு பக்கத்தையும் காது முதல் வால் வரை தடவ வேண்டும். ஒட்டியிருக்கும் உண்ணிகளைத் தலை அறுந்துவிடாமல் இடுக்கியால் எடுத்துக் குப்பியில் போட வேண்டும். பிறகு காது நுனியில் ஒரு குத்து. துளிர்க்கும் ரத்தத்தைக் கண்ணாடியில் மெல்லிசாக இழுத்துக் காயவைத்து ஆய்வகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். உண்ணி கொஞ்சம் ரத்தம் குடித்துவிட்டுப் போனால்கூட மாடு பொறுத்துக்கொள்ளும். விருந்தாளி வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, கிளம்பும்போது வத்தி வைத்துவிட்டும் போகிற மாதிரி, அது எச்சிலோடு ஒரு நோயையும் உள்ளே விட்டுவிட்டுப் போவதுதான் வினை. எந்தப் பண்ணையில் எந்த உண்ணி, அதன் வயிற்றில் என்ன, அது எந்தப் பக்கம் நகர்கிறது என்று நோய்க்கு முன்னால் போய் நிற்பதுதான் அவள் வேலையின் சாரம்.

அவள் போவது சொல்லாமல் கொள்ளாமல்தான். வேலைக்குச் சேர்ந்த அன்றே ஆய்வக டாக்டர் அதைச் சொல்லிவிட்டார். "சொல்லிட்டுப் போனா மாட்டைப் பார்க்க மாட்டோம்மா. அவங்க நமக்குக் குடுக்கற மரியாதையைத்தான் பார்ப்போம்." மெலிந்த, குரல் உயர்த்தாத மனிதர். அவர் அறைச் சுவரில் பெரிய வரைபடம் ஒன்று தொங்கியது. உண்ணி அதிகமுள்ள பண்ணைக்குச் சிவப்புத் தலைக் குண்டூசி, குறைவாக உள்ளதற்கு மஞ்சள், இல்லாததற்குப் பச்சை. சிவப்பும் மஞ்சளுமாகச் சொறி பிடித்த மாதிரி இருந்த அந்தப் படத்தில் ஒரே ஒரு பச்சை இருந்தது. அது அவளுடைய ஓரகத்தியின் பண்ணை.

ஓரகத்தி என்றால் கணவரின் அண்ணன் மனைவி. ஊரின் விளிம்பில், சாலை திரும்பும் இடத்தில், கல் சுவர் வைத்த நீளமான கொட்டகை. அதில் கறவை மாடுகள். அண்ணன் போய்ச் சேர்ந்த பிறகு அவள் ஒற்றை ஆளாகத்தான் பண்ணையைப் பார்த்துக்கொண்டாள். அந்த வீட்டுக்கு அவள் மணமகளாக வந்தபோது உண்ணியம்மாவின் கணவர் பள்ளிக்கூடம் போகும் பையன். தலை வாரிவிட்டது, பித்தான் தைத்துக் கொடுத்தது எல்லாம் அண்ணிதான். இப்போது அவர் பள்ளி வேன் ஓட்டுகிறார். தினமும் விடிந்ததும் அந்த வாசலைத் தாண்டிப் போகையில் ஹாரன் அடிக்காமல் போகமாட்டார். "மீசை நரைச்சாச்சு. இன்னும் பால்பல் விழாத பிள்ளை மாதிரி ஹாரன் அடிச்சிட்டுப் போறான் உன் புருஷன்" என்று ஓரகத்தி அலுத்துக்கொள்வாள். அலுப்பில் பாதி பெருமை.

முதல்முறை அந்தக் கொட்டகைக்குப் போனபோது நிலைமை பச்சையாக இல்லை. கொத்துக் கொத்தாக உண்ணி. அந்த வாரமே குடும்பத்தில் எல்லோரும் கூடியிருந்த ஒரு மத்தியானம், பேச்சு எங்கெங்கோ போய் மாடுகளில் வந்து நின்றது. உண்ணியம்மா சும்மா இல்லாமல், அக்கா வீட்டு மாடுகள் எல்லாம் காதில் ஆளுக்கொரு கொத்துத் தோடு போட்டுக்கொண்டு அலைகின்றன என்று ஒரு போடு போட்டாள். கூடம் சிரித்தது. ஓரகத்தியும் சிரித்தாள். சிரித்துவிட்டு எழுந்துபோய், கழுவி வைத்திருந்த பாத்திரங்களையே திரும்பவும் கழுவினாள்.

அதற்குப் பிறகு அந்தப் பண்ணையில் உண்ணியே இல்லை. எப்போது போனாலும் மாடுகள் குளித்துத் துடைத்த மாதிரி நின்றன. ஆய்வகத்தில் கொடுத்த மருந்தை ஒழுங்காகத் தெளிக்கிறாள் போலிருக்கிறது என்று டாக்டர் சந்தோஷப்பட்டார். உண்ணியம்மாவுக்கும் உள்ளூர ஒரு குளிர்ச்சி. நம் வீடு. ஊரெல்லாம் சிவப்பாக இருக்க, நம் வீடு மட்டும் பச்சை.

ஊர் வாய் சும்மா இருக்குமா? சொந்தக்காரி வீட்டுக்கு மட்டும் பச்சை ஊசியா என்று பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவர் கேட்டுவிட்டார். அன்றிலிருந்து அவள் தனக்கென்று இரண்டு சட்டம் போட்டுக்கொண்டாள். வேலையாக அந்த வீட்டுக்குப் போனால் ஒரு வாய் தண்ணீர் குடிக்கமாட்டாள். உறவாகப் போனால் மாட்டைத் தொடமாட்டாள். அந்தப் பண்ணைக்குரிய குப்பிகளுக்கு அவள் ஆரம்பத்திலிருந்தே தனியாக மஞ்சள் பட்டை ஒட்டி, மற்றவற்றோடு கலக்காமல்தான் வைத்திருந்தாள். அங்கே ஆய்வுக்குப் போவதற்கு முந்தின நாள் மாலையே அவற்றைக் கழுவி, தன் வீட்டுச் சமையலறை ஜன்னல் ஓரமாகக் கவிழ்த்து வைப்பாள்.

ஒன்றே ஒன்றுதான் இடறியது. ஆய்வு நாட்களில் அந்த மாடுகளின் காதுக்குப் பின்னாலும் மடியின் ஓரத்திலும் கட்டைவிரலுக்குச் சின்னச் சின்னப் பொருக்குகள் தட்டுப்பட்டன. சில ஈரமாகக்கூட இருந்தன. ஈக்கடியாக இருக்கும் என்று நினைத்தாள். ஈக்கடி என்றே எழுதினாள். பக்கத்துப் பண்ணையாக இருந்தால் அப்படி எழுதியிருப்பாளா என்ற கேள்வி அப்போது அவளுக்கு வரவில்லை.

ஓரகத்தியின் கொட்டகையில் கடைசியாக நின்ற கிடாரிக்கு டீச்சர் என்று பெயர். வெளிறிய நெற்றி, கண்ணைச் சுற்றிக் கறுப்பு வளையம், கண்ணாடி போட்ட மாதிரி. வீட்டுப்பாடம் செய்யாமல் வந்தவரைப் பார்ப்பதுபோல எல்லோரையும் பார்க்கும். தாய் இறந்துபோனதால் ஓரகத்தி புட்டியில் பால் கொடுத்து வளர்த்தது. இப்போது தலைச்சன் சினை, வயிறு இரண்டு பக்கமும் பிதுங்கி நின்றது. அந்தக் கன்றுக்காக ஓரகத்தி கொட்டகையின் மூலையைத் தனியாகத் தடுத்து, வைக்கோல் பரப்பி வைத்திருந்தாள். "டீச்சர் லீவுல போகப் போறா" என்று பால்காரரிடம்கூடச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த டீச்சர் தீனி எடுக்கவில்லை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓரகத்தியிடமிருந்து போன் வந்தது. மாட்டு டாக்டர் ஏற்கெனவே வந்து பார்த்துவிட்டாராம். தொண்டையில் ஏதோ தொற்று என்று ஊசி போட்டிருக்கிறாராம். காய்ச்சல் இறங்கவில்லை. சொல்லும்போது குரல் எங்கேயோ இடித்துக்கொண்டு வந்தது.

உண்ணியம்மா கிளம்பினாள். கொட்டகை வாசலில் ஸ்கூட்டரை நிறுத்திய பிறகுதான், இப்போது எதற்காக வந்திருக்கிறோம், உறவாகவா, வேலையாகவா என்று அவளுக்கே குழப்பமாக இருந்தது. ஓரகத்தி அந்தக் குழப்பத்துக்கு இடம் வைக்கவில்லை. கண்ணாடி டம்ளரில் தேநீரைக் கொண்டுவந்து கையில் திணித்தாள். உறவு.

டீச்சர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது. மூக்கு வறண்டு, கண்ணிலிருந்து நீர் வழிந்த தடம். மூச்சு விடும்போது விலா எலும்புகள் ஒவ்வொன்றாக எழுந்து அமர்ந்தன. தோளுக்கு முன்னால், தோலுக்கு அடியில், முட்டை அளவுக்கு ஒரு வீக்கம். அது தூரத்திலிருந்தே தெரிந்தது. உண்ணியம்மாவின் விரல்கள் டம்ளரைச் சுற்றி உருள ஆரம்பித்தன.

"டாக்டர் இந்த வீக்கத்தைப் பார்த்தாராக்கா?"

பார்த்தார் என்றாள் ஓரகத்தி. வேறு பண்ணையாக இருந்தால் உண்ணிக் காய்ச்சல் என்றுதான் முதலில் நினைத்திருப்பேன், உங்கள் பண்ணையில்தான் உண்ணியே கிடையாதே, ஆய்வகமே பச்சை என்று சொல்லியிருக்கிறதே என்றாராம். இதைச் சொல்லும்போது ஓரகத்தி மாட்டைப் பார்க்கவில்லை, இவளையும் பார்க்கவில்லை. தரையில் இருந்த ஒரு வைக்கோல் துண்டைப் பார்த்துச் சொன்னாள்.

உண்ணியம்மா ஓரடி முன்னால் வைத்தாள்.

"தொடாத" என்றாள் ஓரகத்தி.

"அக்கா?"

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமை. நீ வேலைக்கு வரல. உன் சட்டத்தை நீயே மீறாத."

உண்ணியம்மா கையில் இருந்த டம்ளரைப் பார்த்தாள். தேநீர் இன்னும் சூடாக இருந்தது. அதை நிறுத்தாமல் கடைசிச் சொட்டு வரை குடித்தாள். நாக்கு வெந்தது. காலி டம்ளரை ஓரகத்தியிடம் நீட்டினாள்.

"குடிச்சாச்சு. இப்ப தொடறேன்."

டீச்சரின் காதுமடலை மடக்கிக் கட்டைவிரலை உள்ளே விட்டாள். விரல் ஓடவே இல்லை. ஓட இடமில்லை. ஆமணக்கு விதைகளை வரிசையாக ஒட்டவைத்த மாதிரி, கொழுத்து, சாம்பல் பூத்து, நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன. கழுத்துத் தொங்கலின் மடிப்பில், வாலுக்கு அடியில், மடியின் இடுக்கில், எங்கும் அதே. அடுத்த மாட்டுக்குப் போனாள். அங்கேயும். திரும்பிப் பார்த்தபோது ஓரகத்தி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நீ வர்ற அன்னிக்கு மட்டும் எடுப்பேன்" என்றாள். "காலைலேயே உக்காந்து, எல்லா மாட்டுக்கும், கையாலேயே. நீ ஒரு பக்கம்தான் பார்ப்பேன்னு தெரியும். இருந்தாலும் ரெண்டு பக்கமும் எடுத்துடுவேன்."

"மருந்து?"

"பச்சைன்னு சொல்லிட்டாங்களே, அப்புறம் எதுக்குன்னு விட்டுட்டேன். பாலுக்கு வாடை வருது."

"ஏங்க்கா இப்படி?"

"தோடுன்னு சொன்னியே."

உண்ணியம்மாவுக்கு அது நினைவே இல்லை. எந்தத் தோடு என்று கேட்க வாயெடுத்தாள். அதற்குள் அந்த மத்தியானம், அந்தக் கூடம், அந்தச் சிரிப்பு, சமையலறையில் பாத்திரம் இடிபட்ட ஓசை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. அவள் அன்றைக்கே மறந்துபோன ஒரு வார்த்தையை இன்னொருத்தி இத்தனை காலமாக ஒவ்வொரு மாட்டின் காதிலிருந்தும் பிடுங்கிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"மாட்டு டாக்டர்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

"வாய் வரைக்கும் வந்துச்சு. அதனாலதான் உனக்குப் போன் பண்ணேன். நான் சொல்லாமலே நீ கண்டுபிடிச்சிடுவேன்னு நினைச்சேன்."

கண்டுபிடிக்கக் கூப்பிட்டுவிட்டு, தொடவந்த கையைத் தடுத்திருக்கிறாள். இரண்டையும் ஒரே ஆள் செய்யமுடியும் என்பதை உண்ணியம்மா அன்றைக்குத்தான் பார்த்தாள். ஈரப் பொருக்கை ஈக்கடி என்று எழுதிய கை தன்னுடையது என்பதால் அதில் அவளுக்கு ஆச்சரியம் எதுவும் இல்லை.

ஒன்று மட்டும் புரியவில்லை. "நான் வர்ற நாள் உங்களுக்கு எப்படித் தெரியும்? எனக்கும் டாக்டருக்கும் தவிர யாருக்கும் தெரியாதே."

"முதல்ல டீச்சரைக் கவனி. அப்புறமா என்னைக் கேள்வி கேளு" என்று ஓரகத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

உண்ணியம்மா டீச்சரின் காதில் ஊசி குத்தினாள். ரத்தம் வெளிறிப்போய், குங்குமம் கரைத்த தண்ணீர் மாதிரி வந்தது. கண்ணாடியில் இழுத்து, ஊதாமல் காயவைத்து, டாக்டரின் வீட்டுக்கே போனாள். அவர் வீட்டு உடையோடு, ரப்பர் செருப்போடு வந்து ஆய்வகத்தைத் திறந்தார். சாயம் ஊற்றிக் காத்திருந்து, கழுவி, நுண்ணோக்கியில் கண்ணை வைத்தார். நெடுநேரம் எடுக்கவில்லை. நகர்ந்துகொண்டு, நீயும் பார் என்பதுபோல நாற்காலியைத் தள்ளினார். ரத்த அணுக்களின் வெளிறிய வட்டங்களுக்குள் நீலமும் ஊதாவுமாகச் சின்னச் சின்னப் புள்ளிகள், யாரோ ஊசிமுனையால் தொட்டு வைத்த மாதிரி. இந்தப் பகுதி முழுவதும் அவள் தேடி அலைந்த கிருமி, தன் வீட்டுக்குள்ளேயே இருந்தது.

"அந்தப் பண்ணையா இது?" என்று டாக்டர் வரைபடத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"என் கணக்கு தப்பு சார். நான் பார்க்கறதுக்கு முன்னாடியே மாட்டை வேற கை பார்த்திருக்கு. காயம் இருந்துச்சு. ஈக்கடின்னு எழுதினது நான்தான்."

யாருடைய கை என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளா என்று அவளுக்குத் தெரியாது. மற்ற பண்ணைகளுக்கும் மருந்து தெளிக்கும் இடைவெளியை நீட்டிக்கச் சொல்லலாம் என்று இந்த ஒரு பச்சை ஊசியை நம்பித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன் என்றார். நல்லவேளையாக இன்னும் சொல்லவில்லையாம். எழுந்துபோய்ப் பச்சைக் குண்டூசியைப் பிடுங்கினார். அந்த இடத்தில் உடனே வேறு ஊசி குத்தாமல் அப்படியே விட்டார். சுவரின் சுண்ணாம்பு அந்தத் துளை வழியாகக் கொஞ்சம் உதிர்ந்தது.

அந்த நோய்க்கென்று உள்ள ஊசி மருந்தைப் பெரிய மருத்துவமனையிலிருந்து அவரே வரவழைத்தார். மாட்டு டாக்டர் வந்து போட்டார். போட்டுவிட்டு, அம்மா, ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்று ஆரம்பித்து, ஓரகத்தியின் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார். ஓரகத்தி வைக்கோலில் உட்கார்ந்து டீச்சரின் தாடையைத் தாங்கிக்கொண்டு கஞ்சித் தண்ணீர் புகட்டினாள். உண்ணியம்மா வேலை முடிந்ததும் அங்கே வந்துவிடுவாள். ஒருத்தி மாட்டின் இந்தப் பக்கமும் மற்றவள் அந்தப் பக்கமும் உட்கார்ந்து உண்ணி எடுத்தார்கள். நடுவில் ஒரு பெரிய சூடான உடம்பு மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

காய்ச்சல் இறங்கியது. கன்று தங்கவில்லை. ஒரு விடிகாலையில், மாதம் நிறைவதற்கு முன்பே, உயிரில்லாமல் விழுந்தது. கண்ணைச் சுற்றித் தாயைப் போலவே கறுப்பு வளையம். டீச்சர் எழுந்து நிற்கத் தெம்பில்லாமல், படுத்தபடியே கழுத்தை நீட்டி அதை நக்கி நக்கி உலர்த்தியது. உலர்ந்த பிறகும் நக்கியது. யாரும் தடுக்கவில்லை. வேனை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்த உண்ணியம்மாவின் கணவர், கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்தார். குழந்தைகள் காத்திருப்பார்கள் என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஓரகத்தி அழவில்லை. குழி வெட்டி மண் தள்ளிய பிறகு கை கழுவிக்கொண்டே, "அந்தக் குண்டூசியைச் சிவப்பா மாத்தச் சொல்லு" என்றாள்.

"மாத்தியாச்சுக்கா."

"நல்லா அழுத்திக் குத்தச் சொல்லு."

அதன்பின் கொட்டகையின் கல் சுவரில் இருந்த விரிசல்களையெல்லாம் இரண்டு பேருமாகச் சுரண்டினார்கள். உண்ணி முட்டையிடுவது மாட்டின் மேலே இல்லை, இந்த மாதிரி இடுக்குகளில்தான். தீக்குழாயால் சுட்டு, சிமெண்டு பூசினார்கள். மருந்து தெளிப்பது மறுபடி ஒழுங்காக நடந்தது. ஆய்வுக்குப் போகும் நாட்களில் மாடுகள் இப்போது சாணி அப்பிய தொடையோடு, உண்மையான உண்ணிகளோடு நின்றன. ஓரகத்தி பக்கத்தில் நின்று, "அந்தக் காதுல ஒண்ணை விட்டுட்ட பாரு. கண்ணு தெரியலயா உனக்கு?" என்று அதட்டினாள். வேலை முடிந்து குப்பிகளை மூடிப் பெட்டிக்குள் வைத்ததும் தேநீர் வரும். உண்ணியம்மா குடிப்பாள். பழைய இரண்டு சட்டங்களைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை.

வீட்டில்தான் ஏதோ மாறியிருந்தது, அது என்னவென்று சட்டென்று பிடிபடவில்லை. செய்தித்தாளோடு உட்கார்ந்திருக்கும் கணவரின் காதுமடலை மடக்கி விரலை ஓட்டினால் அவர் இப்போதெல்லாம் நான் என்ன மாடா என்று கேட்பதில்லை. தலையைச் சிலுப்புவதும் இல்லை. அசையாமல் நிற்கும் மாடு மாதிரி, அவள் விரலை எடுக்கும் வரை காத்திருந்தார். அண்ணி வாசலைத் தாண்டும்போது ஹாரன் அடிப்பதையும் நிறுத்திவிட்டார் என்று ஓரகத்தி ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் ஏதாவது கண்டிப்பு வந்திருக்கும் என்று உண்ணியம்மா நினைத்துக்கொண்டாள். கேட்கவேண்டும் என்று நினைத்து, கேட்காமலே விட்டாள்.

டீச்சர் மறுபடி சினையாகி வயிறு தெரிய ஆரம்பித்த ஒரு நாள் அதன் காதைத் தடவிக்கொண்டிருந்தபோதுதான், இன்னும் பதில் சொல்லாமல் வைத்திருந்த அந்தப் பழைய கேள்விக்கு ஓரகத்தி தானாகவே பதில் சொன்னாள். அப்போதெல்லாம் சாதாரண நாட்களில் வேன் அவள் வாசலில் ஒரு ஹாரன் அடிக்கும். உண்ணியம்மாவின் சமையலறை ஜன்னல் ஓரத்தில் மஞ்சள் பட்டை ஒட்டிய குப்பிகள் கவிழ்ந்திருந்தால், மறுநாள் காலையில் இரண்டு அடிக்கும்.